ஐந்தா, மூன்றா? ‘தங்கல்’ படமும் பக்க நடுவரும்

‘தங்கல்’ வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அப்பாவின் பிடிவாதம் சரியா தப்பா, மகள்களின் விருப்பத்தை யார் கேட்டார்கள், கடைசியில் தேசிய கீதம் தேவையா என்று எல்லாக் கோணத்திலும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதையெல்லாம் நான் மறுபடி எழுதப் போவதில்லை. இந்தக் குறிப்பு ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் கீதா தன் எதிராளியைத் தூக்கி எறிகிறாளே, அதற்கு ஐந்து புள்ளி என்று முடிவு செய்தது யார்?

வேலையற்ற கேள்வி மாதிரி தோன்றலாம். ஆனால் அந்தப் படத்தின் இரண்டரை மணி நேரமும் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வி மேல்தான். என் கட்சி இதுதான்: மல்யுத்தத்தை இவ்வளவு கவனமாக எடுத்த ஒரு படம், மல்யுத்தத்தில் நியாயம் எப்படி உண்டாகிறது என்பதை மட்டும் பார்க்கவே இல்லை. அது வெறும் விடுபடல் இல்லை. படம் சொல்ல வந்த கதைக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். தொழில் மென்பொருள். ஆனால் சில வருஷம் வார இறுதிகளில், கல்லூரி அளவிலான மல்யுத்தப் போட்டிகளில் பக்க நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் பார்த்தால் மேட்டுக்கு வெளியே ஒரு மேஜைக்குப் பின்னால் கையில் மட்டையோடு ஒருவர் இருப்பார் இல்லையா, அந்த வேலை. யாரும் பெயர் கேட்காத வேலை. அதனால்தானோ என்னவோ, மல்யுத்தப் படம் எது பார்த்தாலும் என் கண் முதலில் அந்த மேஜையைத்தான் தேடும்.

படத்தின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். படத்தில் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டி, 55 கிலோ இறுதி. மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் கீதா 1-5 என்று பின்தங்கியிருக்கிறாள். நேரம் முடியப் போகிறது. அப்போது எதிராளியை உடலோடு அள்ளித் தலைக்கு மேலாகச் சுழற்றிப் போடுகிறாள். ஐந்து புள்ளி. 6-5. தங்கம்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, அன்றைக்கு இருந்த விதிப்படி இந்தக் கூட்டலே தேவையில்லை. 2005 முதல் 2013 வரை இருந்த முறையில், ஒரு சுற்றில் யாராவது ஐந்து புள்ளி வீச்சு ஒன்றைச் செய்துவிட்டால் அந்தச் சுற்று அங்கேயே அவருக்குத்தான். மூன்று புள்ளிப் பிடி இரண்டு விழுந்தாலும் அப்படியே. அதாவது நடுவரின் கையில் ஐந்து விரல் விரிந்தால் ஸ்கோர்போர்டைப் பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியமானது. ஒரு பெரிய வீச்சு எப்போது ஐந்து, எப்போது மூன்று? தூக்கி எறியப்பட்டவர் காற்றில் பெரிய வளைவாகச் சுழன்று, விழும்போது நேராக ஆபத்து நிலையில் விழுந்தால் ஐந்து. ஆபத்து நிலை என்றால் முதுகு மேட்டைப் பார்த்து, மேட்டோடு தொண்ணூறு டிகிரிக்கும் குறைந்த கோணத்தில் இருப்பது. அதே வீச்சில் அவர் உடம்பைத் திருப்பி வயிறு கீழாக விழுந்துவிட்டால், அன்றைய விதியில் மூன்றுதான்.

இப்போது படத்தின் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். ஐந்து என்றால் 6-5, தங்கம். மூன்று என்றால் 4-5, வெள்ளி. மகாவீர் சிங்கின் கனவு, ஊரின் கேலி, வெட்டப்பட்ட கூந்தல், மண் கோதாவில் பையன்களோடு மோதிய வருஷங்கள், அத்தனையும் ஒரு பெண்ணின் தோள்பட்டை விழுந்த கோணத்தில் தொங்குகிறது. அரை நொடிகூட நிற்காத கோணம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர்.

ஆனால் படத்துக்கு அது ஒரு கேள்வியாகவே இல்லை. ஐந்து என்பது ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் உண்மை, நடுவர் அதை அறிவிக்கும் கருவி, அவ்வளவுதான். வீச்சு நடந்தது, எண் மாறியது, அப்பாவுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

மூன்று பேர் எதற்கு?

ஃப்ரீஸ்டைல் ஆனாலும் கிரேக்க ரோமன் ஆனாலும், சர்வதேசப் போட்டியில் ஒரு மேட்டுக்கு மூன்று அதிகாரிகள். மேட்டின் மேல் நிற்பவர் நடுவர். இடது கையில் சிவப்புப் பட்டை, வலது கையில் நீலப் பட்டை. எந்த வீரருக்குப் புள்ளியோ அந்த நிறக் கையைத் தூக்கி விரலால் எண் காட்டுவார். வெளியே உட்கார்ந்திருப்பவர் ஜட்ஜ், நான் பக்க நடுவர் என்று சொல்கிற ஆள். அவரிடம் நிறமும் எண்ணும் போட்ட மட்டைகள் இருக்கும். மூன்றாவது ஆள் மேட் சேர்மன். நடுவரும் ஜட்ஜும் ஒத்துப்போனால் முடிவு அதுவே. ஒத்துப்போகாவிட்டால் சேர்மன் இருவரில் ஒருவர் பக்கம் சேர வேண்டும். மூன்றில் இரண்டு.

எதிராளியின் இரண்டு தோளும் மேட்டில் பதிந்து ஆட்டமே முடிகிற நேரத்தில்கூட, நடுவர் தன்னிச்சையாக முடித்துவிட முடியாது. ஜட்ஜ் அல்லது சேர்மன் ஒருவரின் சம்மதத்தைப் பார்த்த பிறகுதான் கையால் மேட்டைத் தட்டி விசில் ஊதுவார்.

எங்கள் துறையில் இது பழக்கமான ஏற்பாடு. விமானக் கட்டுப்பாடு மாதிரி தப்பக் கூடாத இடங்களில் ஒரே கணக்கை மூன்று கருவிகள் தனித்தனியே போடும். இரண்டு ஒத்துப்போகிற விடையை எடுத்துக்கொள்வார்கள். இதன் அடிப்படை எண்ணம், எந்த ஒரு கருவியும் தப்பலாம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது. மல்யுத்த விதிப்புத்தகமும் அதைத்தான் ஒப்புக்கொள்கிறது. நடுவர் நல்லவரா கெட்டவரா என்று அது கேட்கவே இல்லை. இரண்டு உடம்பு பின்னிக் கிடக்கும்போது ஒரு பக்கம் நிற்கிறவருக்கு மறுபக்கம் தெரியாது. பிரச்சினை நேர்மையில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது.

அதே விதிப்புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வரையறை உண்டு. மேட் சேர்மன் முதலில் தன் கருத்தைக் காட்டக் கூடாது. மற்ற இருவரும் காட்டும் வரை காத்திருக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. மூவரில் மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் மற்ற இரண்டு ஓட்டும் ஓட்டாக இருக்காது. மென்பொருள் குழுக்களில் வேலையின் அளவை மதிப்பிடும்போது எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒரே நேரத்தில் திருப்புவார்கள். அதுவும் இதே பயத்தால்தான். மேனேஜர் முதலில் ‘மூணு நாள்’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் எவன் எட்டு என்பான்?

அந்த நாற்காலியில்

ஆனால் விதிப்புத்தகம் ஒரு ஓட்டையை விட்டுவைத்திருக்கிறது. சேர்மன் முந்தக் கூடாது, சரி. நடுவர்? அவர் விரல்தான் எப்போதும் முதலில் உயரும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு வழியும் இல்லை. பக்க நாற்காலியில் இருப்பவர் தான் பார்த்ததை மனதில் பதிப்பதற்குள் எதிரே ஒரு கை எண்ணைக் காட்டிவிடுகிறது. அந்தக் கை பெரும்பாலும் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவருடையது. பயிற்சியாளர்கள் கத்துகிறார்கள். மட்டையை எடுக்க ஒரு நொடி, மிஞ்சிப் போனால் இரண்டு. அந்த நேரத்தில் கை தானாக நடுவரின் எண்ணைத்தான் தேடும். அதைத் தடுத்து, தன் கண் பார்த்த எண்ணை எடுப்பதுதான் இந்த வேலையின் முழுச் சிரமமும். விதிகளைப் படித்துப் பரீட்சை எழுதுவதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒரு போட்டி சொல்கிறேன். இரண்டு மாணவர்கள், மேட்டின் விளிம்பில் கட்டிப் பிடித்திருக்கிறார்கள். நீலம் சிவப்பை இடித்துத் தள்ள, இருவரும் விளிம்பைத் தாண்டி விழுகிறார்கள். நடுவர் நீலத்துக்கு இரண்டு காட்டினார். உள்ளேயே கட்டுப்பாட்டில் எடுத்துக் கீழே வீழ்த்திவிட்டார் என்பது அவர் பார்வை. எனக்கு இந்தப் பக்கத்திலிருந்து சிவப்பின் பாதம் தெரிந்தது. கட்டுப்பாடு வருவதற்கு முன்பே பாதம் வெளியே பட்டது. வெளியே தள்ளியதற்கு ஒன்றுதான். நீல மட்டையில் ஒன்றைத் தூக்கினேன். சேர்மன் இருவரையும் பார்த்தார், நடுவர் பக்கம் சேர்ந்தார். இரண்டு.

சிவப்பு ஒரு புள்ளியில் தோற்றான். முடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்தான்.

“சார், நீங்க ஒண்ணுதானே காட்டினீங்க?”

“ஆமாப்பா.”

“அப்புறம் எப்படி சார்?”

மூன்றில் இரண்டு என்று சொன்னேன். தலையாட்டினான், போய்விட்டான். அந்த அளவுப் போட்டிகளில் வீடியோ கிடையாது. நடுவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கட்டுப்பாடு முதலில் வந்த மாதிரியே தெரிந்திருக்கலாம். எது நடந்தது என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. அவன் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லவில்லை. தன் பக்கம் ஒரு ஓட்டு இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டுதான் போனான். தோற்றவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

படம் தேர்ந்தெடுத்த எதிரி

இப்போது ‘தங்கல்’ பக்கம் திரும்பலாம். நிஜத்தில் நடந்த இறுதிப் போட்டி வேறு மாதிரி. கீதா போகாட் ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட்டை 1-0, 7-0 என்று நேர் சுற்றுகளில் ஜெயித்தார். மூன்றாவது சுற்றே கிடையாது, கடைசி நொடி வீச்சும் கிடையாது. படம் நாடகத்துக்காக இதை மாற்றியது. மாற்றட்டும், அது சினிமாவின் உரிமை. கேள்வி, மாற்றும்போது எதைச் சேர்த்தார்கள் என்பது.

சேர்த்தது ஒரு வில்லன். கிரிஷ் குல்கர்ணி நடித்த தேசியப் பயிற்சியாளர் பாத்திரம். பொறாமை பிடித்தவர். இறுதிப் போட்டியின்போது அப்பா அரங்கில் இல்லாதபடி ஓர் அறையில் அடைத்துப் பூட்ட வைக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது படம் வந்தபோதே பேசப்பட்ட விஷயம். அன்றைக்குப் பயிற்சியாளராக இருந்தவர் வருத்தமும் தெரிவித்தார்.

ஆக, இறுதிப் போட்டியின் பதற்றத்துக்குப் படம் கொண்டுவரும் காரணம் மேட்டுக்கு வெளியே இருக்கிறது. அதிகாரத்தில் உள்ளவன் கெட்டவன், அப்பா சொன்னதே சரி, அப்பா இல்லாத இடத்தில் அப்பாவின் சொல் மகளைக் காப்பாற்றும். இந்தக் கதையில் நடுவருக்கு இடமில்லை. ஏனென்றால் நடுவர் என்பவர் அப்பாவும் இல்லாத, வில்லனும் இல்லாத ஒரு மூன்றாம் வகை அதிகாரம். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவரோடு உடன்படாத இன்னொருவர் பக்கத்தில் இருக்கலாம். அந்த வகை அதிகாரத்தை அனுமதித்தால், ‘அப்பாவுக்கு எல்லாம் தெரியும்’ என்ற படத்தின் நம்பிக்கையே ஆட்டம் காணும். அப்பா சொன்ன ஐந்து புள்ளி வீச்சை மகள் செய்கிறாள், உலகம் அதை ஐந்து என்றுதான் எண்ணும். நடுவில் ஒருவர் ‘மூன்று’ என்று மட்டையைத் தூக்கினால் அப்பாவின் உலகத்தில் அதற்கு என்ன பதில்?

படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1988 சியோல் ஒலிம்பிக் மல்யுத்தம் டிவியில் ஓட, அலுவலகத்தில் மகாவீர் ஒரு சக ஊழியரோடு மோதுவார். டிவி வர்ணனை இவர்கள் சண்டைக்கும் பொருந்தி வரும். நல்ல நகைச்சுவை, நல்ல அறிமுகம். ஆனால் அங்கேயே படத்தின் கொள்கை தெரிந்துவிடுகிறது. இந்தப் படத்தில் மல்யுத்தத்துக்கு வீரர் வேண்டும், வர்ணனையாளர் வேண்டும். தீர்ப்பு தானாக வரும்.

படத்துக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டுப் படங்களில் மலிந்து கிடக்கிற ‘விலை போன நடுவர்’ இதில் கிடையாது. நடிகைகளின் பிடிகளும் நகர்வுகளும் உண்மையான பயிற்சியில் வந்தவை. மேட்டைத் தெரிந்தவர்கள் முகம் சுளிக்காமல் பார்க்கலாம். அந்த மரியாதை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் நடுவரைக் கெட்டவராகக் காட்டாததும், அவரை மனிதராகவே காட்டாததும் ஒன்றல்ல.

படம் முடிந்த பிறகு

இதெல்லாம் ஒரு படத்துக்கு ரொம்ப அதிகமான பாரம் என்று சிலர் சொல்லலாம். படத்தை விட்டுவிட்டு நிஜ மேட்டைப் பார்ப்போம்.

படம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, 2016 ஆகஸ்ட், ரியோ ஒலிம்பிக். 65 கிலோ வெண்கலப் போட்டியில் மங்கோலியாவின் மண்டாக்நரான் கன்சோரிக் 7-6 என்று முன்னணியில். கடைசி நொடிகளில் எதிராளியிடம் பிடி கொடுக்காமல் விலகி ஓடிக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார். மோதலைத் தவிர்த்ததற்காக உஸ்பெகிஸ்தானின் இக்தியோர் நவ்ருசோவுக்குப் புள்ளி போனது. முடிவில் 8-7, வெண்கலம் நவ்ருசோவுக்கு. மங்கோலியப் பயிற்சியாளர்கள் இருவரும் மேட்டின் மேலேயே உடையைக் கழற்றி எறிந்தார்கள். உலகம் அந்த உடையைத்தான் பார்த்துச் சிரித்தது. ஓடியதற்குப் புள்ளி தரும் விதி ஏன் இருக்கிறது, அதை எந்த நொடியில் யார் யார் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பேசினவர்கள் குறைவு.

2021 டோக்கியோ. 57 கிலோ அரையிறுதியில் ரவி குமார் தஹியா, கஜகஸ்தானின் நூர்இஸ்லாம் சனாயேவை மேட்டில் அழுத்தி வைத்திருக்கும்போது அவர் ரவியின் கையைக் கடித்துவிட்டார். பல் தடத்தை நாம் புகைப்படத்தில்தான் பார்த்தோம். மூன்று பேர் இருந்தும் ஆட்டம் அதற்காக நிற்கவில்லை. அதற்கு அடுத்த நாள், 86 கிலோ வெண்கலப் போட்டியில் தீபக் புனியா கடைசி நொடிகளில் புள்ளியை விட்டு சான் மரீனோவின் மைல்ஸ் அமீனிடம் 2-4 என்று தோற்றார். தீபக்கின் வெளிநாட்டுப் பயிற்சியாளர் முராத் கைதாரோவ், நடுவர்களின் அறைக்கே போய் அந்தப் போட்டியின் நடுவரைத் தாக்கினார். ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

2024 பாரிஸ். ரீத்திகா ஹூடா, 76 கிலோ காலிறுதி. ஆட்டம் 1-1. இரண்டு புள்ளியும் எந்தப் பிடியாலும் வந்தவை அல்ல. முனைப்பில்லாமல் ஆடினால் முப்பது நொடி கெடு வைத்து, அதற்குள் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு ஒன்று தரும் விதியால் வந்தவை. கடைசிப் புள்ளி கிர்கிஸ்தான் வீராங்கனைக்குப் போனதால் வெற்றியும் அவருக்கே. ‘சமநிலையில் எப்படி ஒருத்தர் தோற்க முடியும்?’ என்று அன்றைக்கு என் வாட்ஸ்அப் முழுக்கக் கேள்வி. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ‘தங்கல்’ பார்த்தவர்கள். ஐந்து புள்ளி வீச்சு என்றால் என்ன என்று எனக்கே விளக்கக் கூடியவர்கள்!

ஒரு படம் பயிற்சி வகுப்பு இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தியாவில் மல்யுத்தத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது இந்தப் படம்தான். அது கற்றுக்கொடுத்த பார்வையில் இரண்டே இடம் இருக்கிறது: நம் பக்கம், நமக்கு எதிரான பக்கம். முடிவு பிடிக்காவிட்டால் யாரோ கதவைப் பூட்டியிருக்கிறார்கள் என்றே தோன்றும். நேர்மையான மூன்று பேர் மூன்று இடத்திலிருந்து பார்த்து, இரண்டு பேர் ஒத்துப்போன ஒன்றுதான் முடிவு, அது உண்மையிலிருந்து ஒரு விரல் விலகியும் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அந்தப் பார்வையில் இடமில்லை.

வீடியோ வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியாளர் பஞ்சுக்கட்டை ஒன்றை மேட்டில் வீசி மறுபரிசீலனை கேட்கலாம். அது தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போகும், அந்தப் போட்டியில் மறுபடி கேட்கவும் முடியாது. பயிற்சியாளர் வீசினாலும் வீரர் வேண்டாம் என்று மறுத்துவிடலாம். இந்தக் கடைசி விதியை எந்தத் திரைக்கதை எழுத்தாளரும் இன்னும் தொடாதது எனக்கு ஆச்சரியம். கோச் பஞ்சை வீசுகிறார், மேட்டில் நிற்கும் பெண் தலையை ஆட்டி மறுக்கிறாள். தன் தோள் எங்கே பட்டது என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் கோச்சுக்கும் தெரியாத ஒன்று.

2010இன் அந்தக் கற்பனை இறுதிப் போட்டியைத் திருப்பி எடுக்கச் சொன்னால் நான் கேட்பது சில நொடிகள்தான். வீச்சு விழுகிறது. நடுவர் ஐந்து விரலை விரிக்கிறார். ஜட்ஜின் கை மட்டைகளின் மேல் நிற்கிறது, ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில். சேர்மன் பேசக் கூடாது, காத்திருக்கிறார். கீதா மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மேஜையைப் பார்க்கிறாள். பார்வையாளர் இருக்கையில் அப்பாவைத் தேடுவதை விட்டுவிட்டு, தன்னை யாரென்றே தெரியாத ஒருவரின் கையைப் பார்க்கிறாள்.

மட்டை உயர்கிறது. ஐந்து. அந்தத் தங்கத்தை நான் இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பேன்.